தேவையில்லாத ஏழாம் கிரேடு

மராட்டிய மண்ணில் தமிழுக்கு ஒரு மன்றம் அமைத்து, மன்றத்திற்கு ஒரு மேடை அமைத்து, அந்த மேடையில் என்னை ஏற்றி மைக்கையும் கொடுத்துவிட்ட துணிச்சல்காரர், எங்கள் பூனா நிக்டி இசைமன்றத்தின் தலைவர் சாய்கிருஷ்ணா அவர்களே! முன்வரிசையில் மூட்டுவலியை மறந்து முகம் மலர வீற்றிருக்கும் மூத்தோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற கவலையை அரைமனதில் வைத்துக்கொண்டு, மீதி அரைமனதை எனக்களிக்க வந்திருக்கும் அருமைத் தாய்மார்களே! மகளிரணியின் மங்காத பொன், எங்கள் பவுன் அக்கா அவர்களே! சமோசா வரும் கதவையே பார்த்திருக்கும் செல்வங்களே! சியாமளாவின் வணக்கம் உங்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே உரியது.

தலைவர் எனக்குச் சால்வை போர்த்தினார். போர்த்திய கையோடு ஒரு கேள்வியையும் போர்த்திவிட்டார். "மேற்கத்திய வயலின்ல ஆறாவது கிரேடு பாஸ் பண்ணிட்டீங்க, சந்தோஷம். டீச்சிங் டிப்ளமா எப்பம்மா? மாடி ரூமைக் காலி பண்ணி வச்சிருக்கோம். குழந்தைங்க காத்திட்டிருக்காங்க" என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். கைதட்டல் அடங்கிவிட்டது; கேள்வி அடங்கவில்லை. அதற்குப் பதில் சொல்லாமல் இந்தச் சால்வையோடு நான் வீட்டுக்குப் போனால் எனக்குத் தூக்கம் வராது.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் எழுதும் தேர்வுகள் லண்டன் வாரியத்துடையவை. படிகள் எட்டு. எட்டாம் படி ஏறியவர்தான் கற்பித்தல் டிப்ளமாவின் கதவைத் தட்டலாம். ஆனால் எல்லாப் படியிலும் கால் வைக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. கையில் திறமை இருந்தால் தாவலாம். நான் சிறுவயதில் கர்நாடக வயலின் கற்றவள். வங்கி வேலையிலிருந்து விருப்ப ஓய்வு பெற்று, தரையில் உட்கார்ந்து வாசித்தவள் எழுந்து நின்று வாசிக்கக் கற்றுக்கொண்டபோது, "நீங்க அஞ்சுல ஆரம்பிங்க. தியரியும் முடிச்சிட்டு நேரா எட்டுக்குப் போங்க" என்றுதான் என் ஆசிரியரே சொன்னார்.

ஐந்து எழுதினேன். பிறகு எட்டு எழுதினேனா? இல்லை. ஆறு எழுதினேன். அடுத்து எட்டா? இல்லை, ஏழு என்றேன். என் கணவர் ஸ்ரீவத்சன் கேட்டார்: "ஏண்டி சியாமளா, மத்தவாள்ளாம் லிஃப்ட்ல போறா. நீ மட்டும் ஏன் மாடிப்படி ஏறிண்டிருக்கே?" அஸ்திவாரம் பலமாக இருக்க வேண்டும் என்றேன். அவர் நம்பினார். முப்பது வருடமாக நான் சொல்வதை நம்பும் மனிதர்!

சிரிக்காதீர்கள். அஸ்திவாரம் என்பது பொய். உண்மையை இன்று சொல்லிவிடுகிறேன்.

வயலின் தேர்வுக்குத் தனியாகப் போக முடியாது. உடன் பியானோ வாசிக்க ஓர் ஆளை நாமே அழைத்துப் போக வேண்டும். எனக்கு அந்த ஆள் யார்? என் ஒரே மகள் ஸ்நேஹா. பள்ளி நாட்களிலேயே பியானோவில் எட்டையும் தாண்டியவள். அவள் எங்கே இருக்கிறாள்? அமெரிக்காவிலா? ஆஸ்திரேலியாவிலா? இல்லை அம்மா, இல்லை. மகர்பட்டாவில்!

ஆமாம், இதே பூனாவில். அங்கேதான் வேலை, அங்கேதான் வீடு. நடுவில் கடலில்லை, மலையில்லை. ஹடப்சர் டிராஃபிக் மட்டும்தான். எது தூரம், சொல்லுங்கள்? லண்டன் தூரமா? லண்டனிலிருந்து பரீட்சகர் வந்துவிடுகிறார்! மகர்பட்டாவிலிருந்து மகள் வர முடியவில்லை!

அவள்மேல் குறை சொல்ல நான் இங்கே நிற்கவில்லை. பகலெல்லாம் வேலை, இரவெல்லாம் அமெரிக்காக்காரனோடு மீட்டிங். "இந்த சண்டே கண்டிப்பா வரேம்மா" என்பாள். ஞாயிறு வரும், ஸ்நேஹா வரமாட்டாள். ஆனால் தேர்வு என்றால்? தேதி குறித்த தேர்வு என்றால்? முதல் நாள் மாலையே பையும் லேப்டாப்புமாக வந்து இறங்கிவிடுவாள். ஏனென்றால் அவள் வராவிட்டால் அம்மா தோற்றுப்போவாள். என்னைத் தோற்கவிட என் பெண்ணுக்கு மனம் வராது. அதைத்தான் நான் பிடித்துக்கொண்டேன்.

ஐந்தாம் கிரேடுக்கு முந்தைய மாலை. கூடத்தில் தன் பழைய பியானோ முன் ஸ்நேஹா; பக்கத்தில் நான். எனக்கு ஒரு வியாதி உண்டு. இசை வாக்கியம் முடியுமிடத்தில் விரல் தானாக ஒரு கமகம் போட்டுவிடும். தாளில் சுரம் நிற்கச் சொன்ன இடத்தில் என் சுரம் ஊஞ்சலாடிவிட்டுத்தான் நிற்கும்.

"அரே அம்மா, அங்க நாலு பீட்தான். நீ ஆறு இழுக்கறே" என்றாள்.

"கை தானா போறதுடி. நான் என்ன பண்ணட்டும்?"

அவள் சிரித்தாள். "சரி, நீ இழு. நான் நிக்கறேன்" என்றாள்.

நான் நிக்கறேன்! தாய்மார்களே, அந்தச் சொல்லைக் கேட்டீர்களா? போனை எடுத்தால் "அம்மா, ஒரு நிமிஷம்" என்று வைத்துவிடுகிறவள். லிஃப்டுக்குக்கூட நிற்க நேரமில்லாதவள். அவள் பத்து விரலையும் கட்டைமேல் வைத்துக்கொண்டு, என் கமகம் ஓயும் வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த கச்சேரி அதுதான்.

மறுநாள் பூனாவின் கேம்ப் பகுதியில் தேர்வு. பரீட்சகர் ஒரு சிறு மெட்டை வாசித்து, அதைத் திருப்பிப் பாடச் சொன்னார். பாடினேன், முழுக் கமகத்தோடு! மனிதர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். தன் பியானோ வேலை முடிந்து வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்த ஸ்நேஹா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளாம். அந்த மதிப்பெண் போனது போனதுதான். போகட்டும்! திரும்பும் வழியெல்லாம் ரிக்ஷாவில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். வீட்டில் வத்தக்குழம்பும் உருளைக்கிழங்கு ரோஸ்டும் இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

அன்றே முடிவு செய்தேன், ஆறும் எழுதுவது என்று. எட்டுக்குப் பிறகு என்ன இருக்கிறது? டிப்ளமா. டிப்ளமாவுக்குப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும், கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும், பியானோ வேண்டாம். பியானோ வேண்டாம் என்றால் ஸ்நேஹா வேண்டாம். ஊரார் என்னை டீச்சர் என்று அழைக்கப்போகும் நாளை நான்தான் தள்ளித் தள்ளி வைத்தேன். தலைவர் அவர்களே, உங்கள் மாடி அறை பூட்டிக் கிடப்பதற்குக் காரணம் இதுதான்.

போன மாதம் போன் வந்தது. "அம்மா, ரூல்ஸ் படிச்சேன். டிப்ளமாக்கு எட்டு மட்டும் போறும். ஏழு டோட்டல் வேஸ்ட். இல்ல, எழுதியே ஆகணும்னா வீடியோ எக்ஸாம் குடு. பியானோவ நான் ரெக்கார்ட் பண்ணி அனுப்பிடறேன். அச்சா?" சொன்னபடியே அனுப்பியும் விட்டாள். கெட்டிக்காரி! பிசகில்லாத பதிவு.

அதைப் போட்டு வாசித்தேன். வாக்கியம் முடிந்தது. என் விரல் வழக்கம்போல் ஊஞ்சலாடியது. பியானோ போய்க்கொண்டே இருந்தது. மறுபடி வாசித்தேன். மறுபடியும் போய்விட்டது. அது என் மகளின் விரல்தான், என் மகளின் வாசிப்புதான். ஆனால் எனக்காக நிற்கத் தெரியாத வாசிப்பு! வில்லைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், வாய்விட்டு அழுதேன்.

எதற்காக ஏங்கினேன் நான்? கிரேடுக்கா? சான்றிதழுக்கா? சால்வைக்கா? பெற்ற பெண்ணைப் பார்க்க ஒரு தாய் பரீட்சைக்குப் பணம் கட்ட வேண்டுமா? பக்கத்து ஊர்கூட இல்லை, ஒரே ஊரில் இருப்பவளை அழைக்க லண்டன் தேதி குறிக்க வேண்டுமா?

என்ன அக்கா? பவுன் அக்கா ஏதோ கேட்கிறார். "இத்தன பேருகிட்ட சொல்றியே, உம் பொண்ணுகிட்ட சொன்னியா?" என்கிறார். நல்ல கேள்வி. இல்லை அக்கா, சொல்லவில்லை. தினமும் வாய் வரைக்கும் வரும். வந்ததும் "சாப்டியா?" என்று மாறிவிடும். "சாப்டேம்மா" என்பாள். அவ்வளவுதான், பேச்சு முடிந்துவிடும். இந்தக் கூடத்தில் எத்தனை அம்மாக்கள் இப்படி "சாப்டியா" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனை வைக்கிறீர்கள்? கை தூக்க வேண்டாம். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

ஆகவே அவையோரே, என் முடிவைக் கேளுங்கள். ஏழு எழுதப்போவதில்லை! இந்தப் பருவத்திலேயே நேராக எட்டு. அதற்கடுத்து டிப்ளமா. உங்கள் பிள்ளைகளை என் ஏக்கத்திற்காக இன்னும் காக்க வைப்பது நியாயமில்லை. தலைவர் அறையைப் பெருக்கி வைக்கட்டும். ஆனால் ஏழாம் கிரேடை விட்டால் எனக்கு ஸ்நேஹாவின் ஒரு வருகை நஷ்டம். அந்த ஒன்றை இங்கேயே கேட்டு வாங்கிக்கொள்ள நினைக்கிறேன். இந்த விழா நேரலையில் போகிறதாம். அவள் பார்க்கிறாளோ, மீட்டிங்கில் இருக்கிறாளோ, தெரியாது.

கேட்டுக்கொண்டிருந்த உங்கள் பொறுமைக்கு என் நன்றி. மேடை தந்த மன்றத்துக்கு நன்றி. என் பொய்யை நம்பிய கணவருக்குத் தனி நன்றி. எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இனி நான் சொல்வது ஒருத்திக்கு மட்டும்.

ஸ்நேஹா, அம்மா பேசறேன். ஆத்துக்கு வாடி. எக்ஸாம் ஒண்ணும் இல்லை. நீ வரலேன்னா அம்மா தோத்துப் போகவும் மாட்டேன். சும்மா வா. என்னிக்கு, எத்தனை மணிக்குன்னு கேப்பே. நீ வர அன்னிக்குத்தான் தேதி.