வெறுங்கூடையோடு ஒரு நடை

பலாங்கொடையிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள்.

"காலையில வெறுங்கூடைய மாட்டிக்கிட்டுத்தான் நடக்குறேன்," என்றாள் மூத்தவள்.

"கொழுந்தெடுக்குறத விட்டு எவ்வளவு காலமாச்சு, கூடை எதுக்குக்கா?"

"சீனி வருத்தத்துக்குத் தெனமும் நடக்கச் சொன்னாரு டாக்டர். கைய வீசிக்கிட்டுப் போனா, எங்க போற, யாருக்கு என்னாச்சுன்னு லயத்து வீடெல்லாம் கேக்குது. சும்மா நடக்குறேன்னு சொன்னா கங்காணி சிரிக்கிறான்."

"கூடையோட போனா?"

"ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல."

இளையவள் சிரித்துவிட்டாள்.

"சிரிக்காத. தோட்டத்துக்காக மலை மலையா ஏறுனேன். அப்ப எவனாவது ஏன் நடக்குறன்னு கேட்டானா? எனக்காக நாலு எட்டு வச்சா மட்டும் இவங்களுக்குக் காரணம் சொல்லணுமாம்."