ஜப்பான் அரக்கிக்கு நான் போட்ட தமிழ்

பணியாரத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், ஐயா. அப்போதுதான் என் வேலை உங்களுக்குப் புரியும். ஜப்பான்காரர்கள் தங்கள் ஊர்ப் பலகாரத்தை வைத்து ஏதாவது கிண்டல் செய்தால், படத்துக்குக் கீழே ஓடும் தமிழ் எழுத்தில் நான் பணியாரம் என்று போட்டுவிடுவேன். அவர்களுடைய சிலேடை நம் மொழிக்கு வராது. அந்த இடத்தில் நம் ஊர்ச் சங்கதி ஒன்றை வைக்க வேண்டும்.

எட்டு வருஷம் ஒசாகா கப்பல் பட்டறையில் இருந்து, அவர்கள் மொழியைக் கற்றுக்கொண்டு வந்தவன் நான். 2003இல், பெரியபட்டினம் சலாஹுதீன் தன் கேபிள் டிவியில் ஜப்பான்காரர்களின் முகமூடி வீரன் தொடர் ஒன்றைப் போட்டார். தமிழ் எழுத்து என் பொறுப்பு. நயினார்கோவில் பக்கம் எங்கள் ஊரில், படித்த பிள்ளை ஒன்று எழுத்தை உரக்க வாசிக்கும், பெரியவர்கள் கேட்பார்கள். எழுத்தில் வந்ததை அங்கே யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

அந்தத் தொடரில் மழையைக் கட்டிப்போடும் அரக்கி ஒருத்தி வந்தாள். முகத்தைத் துணி மூடியிருக்கும். அவள் பெயரை வைத்து ஜப்பான் பிள்ளைகள் சிரிப்பார்கள், நமக்குச் சிரிப்பு வராது. அதனால், 'இடது காலைச் சாய்த்து நடப்பாள், கறுப்பு ஆடு வளர்ப்பாள், தனியாகக் குடியிருப்பாள்' என்று போட்டேன். எங்கள் ஊரில் மூன்று வருஷமாக மழை இல்லை.

சோணையம்மாளுக்கு இடது கால் கொஞ்சம் சாய்வு. எனக்குச் சின்னம்மா முறை, பக்கத்து வீடு, பக்கத்து வயல். அந்த எழுத்தைப் போடுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், எல்லைக் கல்லை நான் நாலு முழம் நகர்த்தியதை அவர் பார்த்துவிட்டார். சர்வேயர் வரும்போது சொல்லிவிடுவேன் என்றார். எனக்குத் தூக்கமே போய்விட்டது.

எழுத்து வந்த இரண்டு வாரத்தில் ஊர்க்காரர்கள் அவரை ஊருணியில் தண்ணீர் எடுக்க விடவில்லை. என்னிடம்தான் வந்தார்.

"ஏலே பூமி, டிவி எழுத்துல என்னயத்தான் போட்டுருக்காகளாம்ல. புள்ளைகளெல்லாம் என்னயக் கண்டா ஓடுதுக. பயமா இருக்குய்யா. என்னான்னு படிச்சுச் சொல்லு."

"ஜப்பான்காரனுக்கு ஒங்கள எப்படித் தெரியும் சின்னம்மா? போங்க, போயி ஆட்டப் பாருங்க."

அடுத்த வாரம் வீரன் அரக்கியைப் பிடித்து, அவளிடம் ஒரு கிண்ணத்தை நீட்டினான். 'இதுதான் உனக்குக் கடைசித் தண்ணீர். மழை விழும்வரை கதவு திறக்காது' என்று போட்டேன். மறுநாள் ஊரே கூடி அவர் வீட்டை வெளியே பூட்டியது. பூட்டு யாருடையது என்று எனக்குத் தெரியாது, நான் அந்தப் பக்கம் போகவில்லை.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். மூன்று நாள் தண்ணீர் கேட்டார். இரண்டாம் நாள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். டிவியைச் சத்தமாக வைத்தேன். நான்காம் நாள் சத்தமில்லை. இன்றைக்கும் சுவர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்க எனக்குப் பயம்.

நான் யாரையும் தொடவில்லை, ஐயா. எழுதினது மட்டும்தான். அந்தக் கிண்ணத்தை நீட்டும்போது வீரன் ஜப்பானிய மொழியில் என்ன சொன்னான் என்று கேட்டீர்கள். "பயப்படாதீர்கள் அம்மா, குடியுங்கள்" என்றான். அது நம் ஊருக்குப் பொருந்தாது என்று எனக்குப் பட்டது.