தண்ணீரை நிறுத்தினால் பூக்கும்

போகன்விலா வாங்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே பிழையைத்தான் செய்கிறார்கள், ஐயா. பாசம் கூடிப்போய்த் தண்ணீரை ஊற்றித் தள்ளுகிறார்கள். அது கொழுகொழுவென்று இலை விடும், முள் விடும், மதிலில் ஏறும், பூக்காது. தண்ணீரை நிறுத்தி இலையை வாடவிட்டால்தான் பூக்கும். அந்தச் சிவப்பும் பூவல்ல, நிறம் மாறிய இலை. உண்மையான பூ அதன் நடுவே சோற்றுப் பருக்கை அளவில் வெள்ளையாய் இருக்கும். பரந்தனில் பன்னிரண்டு வருடம் பூங்கன்று விற்ற எனக்கு, கண்ணுக்குத் தெரிவதை நம்பும் பழக்கம் போய்விட்டது.

என் கணவர் இளையதம்பி மாசியில் தென்னையிலிருந்து விழுந்தார். ஆஸ்பத்திரியில் முள்ளந்தண்டு முறிந்துவிட்டது என்றார்கள். "இடுப்புக்குக் கீழ ஒண்டும் தெரியேல்லை, கமலாட்சி" என்றார் அவர். ஐந்து மாதம் ஊட்டினேன், துடைத்தேன். ஒருநாள் கடையிலிருந்து வந்தபோது நான் சாத்திவிட்டுப் போன யன்னல் திறந்திருந்தது.

"வெக்கையா இருக்கெண்டு நான்தான் வெளியால இழுத்துத் திறந்தனான், அக்கா" என்றாள் பக்கத்து வீட்டுச் சுகந்தினி. நான் கேட்கவேயில்லை. கேளாமல் சொல்கிறவளை எப்படி நம்புவது? அவர்தான் எழும்பித் திறந்திருக்க வேண்டும்.

அன்று அவருடைய உள்ளங்காலில் ஊசியால் குத்திப் பார்த்தேன். அசையவில்லை. அப்படி அசையாமல் கிடப்பதற்கு ஒரு மனிதனுக்கு எவ்வளவு கெட்டித்தனம் வேண்டும். எனக்குக் கோபம் வந்தது, அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடித்தானே கறக்க வேண்டும்.

செடிக்குச் செய்வதையே அவருக்கும் செய்தேன். திங்கட்கிழமை தண்ணீரை நிறுத்தினேன். குடத்தை அவர் கண்ணுக்குத் தெரியும்படி குசினி வாசலில் வைத்தேன். சுகந்தினி இரக்கப்பட்டு ஊற்றிவிடுவாள் என்று யன்னலுக்கு ஆணி அடித்தேன், கேற்றைப் பூட்டினேன்.

"இஞ்சேரும், ஒரு மிடறு தாரும்."

"எழும்பி வந்து குடியுங்கோ."

செவ்வாயும் கேட்டார். புதன் கேட்கவில்லை. பிடிவாதம் என்று நினைத்தேன்.

வியாழன் காலை கன்றுகளுக்கு உரம் வைத்துவிட்டு உள்ளே வந்தேன். கட்டிலில் அவர் இல்லை. குடத்துக்கு ஒரு சாண் இப்பால் குப்புறக் கிடந்தார். உடம்பு குளிர்ந்திருந்தது. முழங்கை இரண்டும் எலும்பு தெரிய உரிந்திருந்தன. அழுதேன், ஐயா. நான்தான் கொன்றேன் என்பதையும் மறுக்கவில்லை.

ஆனால் ஒன்று. நகரவே முடியாது என்ற மனிதர் கட்டிலிலிருந்து பன்னிரண்டு அடி வந்திருந்தார். இன்னும் ஒரு நாள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தால் எழுந்து நடந்திருப்பார்.