வரகு இட்லி சாப்பிட்ட ரத்தம்

ஸ்ரீரங்கத்தில் ஒரு லேபில் சர்க்கரை டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுக்கக் காத்திருந்தேன். பக்கத்து நாற்காலிகளில் ஒரு தம்பதி, கையில் அப்போதுதான் வாங்கிய ரிப்போர்ட்டுடன்.

"நூத்தி இருபத்தெட்டுங்க! என் இட்லி சாப்பிட்டு ரெண்டு மணி நேரத்துல! தவிடு எடுக்காத வரகுன்னா சும்மாவா?" என்றாள் மனைவி.

"அவசரப்படாத, சாந்தி."

"நாளைக்கே மகளிர் குழுவுல சொல்லி மாவு பாக்கெட் போடறோம். முதல் பாக்கெட் மணப்பாறைக்கு, உங்க அம்மாவுக்கு. அவங்க சக்கரையும் இறங்கட்டும்."

கணவர் முகம் மாறியது.

"அம்மாவுக்கு வேணாம். நான் அந்த இட்லிய சாப்பிடல."

"இன்னைக்கா?"

"இதுவரைக்கும் எடுத்த மூணு டெஸ்ட்டுக்கும். பட்டினியாத்தான் வந்தேன்."

"தட்டு காலியா இருந்துச்சே?"

"மாடித் தொட்டியில புதைச்சேன்."

"அதான் அந்தக் கறிவேப்பிலை வளரவே இல்லையா!" என்றவள், ரிப்போர்ட்டை மடித்துக்கொண்டே, "ஏங்க, அவ்ளோ மோசமாவா இருக்கு?" என்றாள்.

"கல்லு மாதிரி இருக்கு. உளுந்தக் கொஞ்சம் கூட்டிப் போடு. நாளைக்கு உன் எதிர்லயே சாப்பிட்டுட்டு வரேன்."

"இத முதல் தடவையே சொல்லியிருந்தா, இந்நேரம் பூ மாதிரி அவிச்சிருப்பேன்."

என்னைக் கூப்பிட்டார்கள். "சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் ஆச்சா, சார்?" என்று கேட்டாள் ஊசியோடு நின்ற பெண்.

என் மனைவி சுட்டுத் தந்த கம்பு தோசையைக் காக்கைக்கு வைத்துவிட்டு வந்திருந்தேன். ருசி சரியில்லை என்று அவளிடம் ஒருநாளும் சொல்லாத கோழை நான். நாளைக்கு வருவதாகச் சொல்லி எழுந்துவிட்டேன்.