சாப்பாட்டு மேசையில் மதர்போர்டு

— மேசையில எல போடணும். அந்த எழவ எடுத்து அங்கன வைங்க.

— ஏளா பகவதி, ஆபரேசன் பாதியில டாக்டர எந்திரிக்கச் சொல்லுவாளா? லேப்டாப்பத் தொறந்து மதர்போர்ட வெளிய எடுத்துருக்கேன். இப்ப அசைச்சா ஸ்குரூ எங்கன போச்சுன்னே தெரியாது.

— போன தடவ போன ஸ்குரூ சாம்பார்லல்லா கெடந்துச்சு.

— பொறுமையாக் கேளு. இது பொழைச்சிரும்.

— எமில்டா டீச்சர் லேப்டாப்புக்கும் இதத்தான் சொன்னிய. சுவிட்சப் போட்டதும் புகை வந்துச்சு. இப்ப அந்தம்மா பூசைக்குப் போனாக்கூட நம்ம தெரு வழியாப் போறதில்ல.

— அது அனுபவம்.

— அனுபவம் அவியளுக்கு! இப்பமே சொல்லிட்டேன். எங்க அண்ணன் ஆறுமுகநேரியில இருந்து கெளம்பியாச்சு. சாப்புட வாரதுக்குள்ள அவிய லேப்டாப்பு ஓடணும். ஓடலன்னா அந்த ஈயம் ஒட்டுத சூட்டுக்கோலு, மீட்டரு, பூதக்கண்ணாடி எல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போயிரும். உப்பு ஏவாரத்த மட்டும் பாத்துக்கிட்டு இருங்க.

— ஞாயித்துக்கெழம மனுசனுக்கு ஒரு ஆச இருக்கக் கூடாதா? ஒங்க அண்ணன் சீட்டு வெளையாடுதாவ. நான் போர்ட நோண்டுதேன்.

— சீட்டுல புகை வராது.

— சரி, இங்கன வா. இந்த ஓரத்தப் பாரு. வெள்ளையாப் பூத்துருக்கு.

— எனக்கு ஒன்னும் தெரியல. அடுப்புல கொழம்பு கொதிக்குது.

— நில்லு, நாக்குல வச்சுப் பாக்கேன்.

— ஏங்க! என்னத்துக்கு அதப் போயி நக்குதிய?

— கரண்டு இல்லளா. ம்ம்... உப்பு.

— அது... கடக்காத்து படுதுல்லா. ஆறுமுகநேரி பூராம் உப்புக் காத்துதான்.

— ஆறுமுகநேரி உப்பு நாக்குல வச்சதும் சுள்ளுனு கரிக்கும். இது மொள்ளக் கரிச்சு, கடைசியில லேசாக் கசக்குது. தருவைகுளத்துல நம்ம உப்பளத்துல வெளைஞ்ச உப்புளா இது! இந்த நாக்க வச்சுத்தான ஏவாரம் பண்ணுதேன்? ஒங்க அண்ணன் லேப்டாப்புக்குள்ள நம்ம உப்பு எப்பிடி வந்துச்சு?

— கொழம்பு அடிப்பிடிக்குது.

— பிடிக்கட்டும்.

— சொன்னா கத்தக் கூடாது.

— கத்தல.

— அன்னைக்கு அண்ணன் ஹார்பருக்குப் போற அவசரத்துல இத மேசையில வச்சிட்டுப் போயிட்டாவ. நான் கருப்பட்டிக் காப்பிய அது மேல கொட்டிட்டேன்.

— கொட்டிட்டு?

— தொடச்சிட்டு சுவிட்ச அமுக்குனேன். அமுக்குனேன், அமுக்குனேன்... ஒரு மினுக்குக்கூட இல்ல. கொன்னுட்டேன்னு கையும் ஓடல, காலும் ஓடல.

— அதுக்கு?

— செல்போனு நனைஞ்சா அரிசியில போடுவாவள்லா? அரிசி எம்புட்டு ஈரத்த இழுத்துரும்? உப்புதான் காத்துல உள்ள ஈரத்தையே இழுக்குன்னு மழக்காலம் பூராம் பொலம்புதிய. அதான் நம்ம வீட்டு உப்புச் சாக்குக்குள்ள...

— பொதைச்சியா?

— மேல ரெண்டு கை அள்ளியும் போட்டேன்.

— ஏளா, அது லேப்டாப்பா, நெத்திலியா?

— கத்தமாட்டேன்னிய!

— கத்தலளா, சிரிக்கேன். என்கிட்ட, அண்ணன் ரிப்பேருக்குக் குடுத்தாவன்னு வாய் கூசாமச் சொன்னியே!

— அண்ணன்கிட்டச் சொல்லிராதிய. மதினி காதுக்குப் போச்சுன்னா, நான் பேரம்பேத்தி எடுத்த பொறவும் சொல்லிக் காட்டுவா.

— சொல்லல. ஆனா இந்த மேசை இனி எனக்கு. சாப்பாடு தரையில. என் சாமான்ல ஒன்னுகூட வெளிய போகக் கூடாது.

— இது அநியாயம்.

— பொறுமையாக் கேளு. ஒங்க மதினி நம்பரு என் போன்ல மேலயே இருக்கு.

— சரி, மேசைய எடுத்துத் தொலைங்க.

— பத்திரகாளி மேல சத்தியமா?

— சத்தியமா! மொதல்ல அத ஓட வைங்க.

— அப்ப அந்த ஸ்பிரிட்டக் குடு. பல்லு வெளக்குற பிரஷும்.

— அது என் பிரஷு.

— இது யாரு போட்ட உப்பு?

— தேயிங்க, தேயிங்க.

— ம்... உப்பெல்லாம் போயிருச்சு. ஆனாலும் எந்திரிக்க மாட்டேங்கு. மீட்டர வச்சா கீன்னு கத்துது. எங்கனயோ ஷார்ட்டு.

— அப்பிடின்னா?

— அளத்துல வரப்பு ஒடைஞ்சா தண்ணி அடுத்த பாத்திக்கு ஏறாம வீணா ஓடும்லா? அது மாதிரி கரண்டு வாசல்லயே ஓடிப் போகுது. போர்டு பூராம் ஸ்பிரிட்டத் தடவி, லேசாக் கரண்டு விடுதேன். ஒடப்பு உள்ள எடம் சூடாகி மொதல்ல காயும். எந்த எடம்னு பாரு.

— காயிறத நான் பாப்பேன். எங்க அய்யா அளத்துல வளந்தவ. விடுங்க... இந்தா! எள்ளுத் தண்டிக்கு ஒன்னு இருக்கே, அதச் சுத்தி மட்டும் காஞ்சிட்டு!

— கெப்பாசிட்டரு! கருகியும் போயிருக்கு. ஆனா உப்பு இந்த ஓரத்துல, கருகுனது அந்த ஓரத்துல. காப்பி அங்கன வரைக்குமா போச்சு?

— பின்னாலயேவா போயிப் பாத்தேன்? அதப் பிடுங்குங்க. அண்ணன் வந்துரப் போறாவ.

— பக்கத்துலயே இதே மாதிரி நாலஞ்சு நிக்கு, ஒன்னு இல்லாட்டியும் சமாளிச்சிரும். மூச்சு விடாத... எடுத்தாச்சு. சுவிட்சப் போடு.

— நீங்க போடுங்க. எனக்குப் பயமா இருக்கு.

— எனக்கும்தான்.

— அப்ப சேந்து போடுவோம்.

— போடு!

— ஏங்க! உள்ள இருக்க காத்தாடி சுத்துது! வெளிச்சம் வந்துட்டு!

— வந்துட்டுளா! பகவதி, வந்துட்டு! என் கையால ஒன்னு பொழைச்சிட்டுளா!

— அழாதிய, போர்டுல விழுந்துரும். அதுவும் உப்புதான்.

— என்ன மாப்ள, வாசல்ல நின்னு கூப்புடுதேன், ரெண்டு பேரும் கோயில் கொடையில சாமி ஆடுத மாதிரி ஆடுதிய?

— வாங்க மச்சான். ஒங்க லேப்டாப்புதான். ஓடுது பாருங்க.

— இதுவா ஓடுது? சரிதான போ!

— என்னண்ணே, இப்பிடி முழிக்கிய?

— ஏளா, இது போன தீவாளிக்கே செத்துப்போச்சு! போகாத கடை இல்ல, தூரப் போடுங்கன்னுட்டான். மாப்ள ரிப்பேர் பாத்துப் பழகட்டுமேன்னுல்லா மேசையில வச்சிட்டுப் போனேன்.

— மச்சான், பேச்ச விடுங்க, கையக் கழுவுங்க...

— இருங்க! போன தீவாளிக்கேவா அண்ணே?

— ஆமாளா. நீ என்னத்துக்கு இப்பிடிச் சிரிக்க?

— ஏளா பகவதி, பத்திரகாளி மேல சத்தியம் பண்ணிருக்க...

— அது கொன்னவ பண்ணுன சத்தியம். நான் செத்ததத்தான உப்புல போட்டேன்! மேசைய ஒழிங்க, எல போடணும்.