குழையாத சோறு

பூசணிக்காயைத் தோலோடு ஓவனில் வைப்பதா, சீவிவிட்டு வைப்பதா என்பதில் ஆளுக்கு ஒரு கருத்து உண்டு. நான் சீவிவிடுவேன். கட்டைவிரல் அளவுத் துண்டுகள், எண்ணெய், உப்பு, மிளகு, நசுக்கிய பூண்டு. ஓரம் கருகத் தொடங்கும்போது எடுத்துவிட வேண்டும். பாதியை மசித்துச் சோற்றில் கலப்பது, மீதியை மேலே வைப்பது. ரிசொட்டோ என்ற இத்தாலியச் சோற்றுக்கு அதுதான் முறை. எங்கிருந்து வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம் என்றீர்கள், இன்ஸ்பெக்டர் ரூபேந்திரன். நான் இங்கிருந்து ஆரம்பிக்கிறேன்.

என் அண்ணன் டெஸ்மண்ட் சிங்கப்பூரில் ஒரு பெரிய ஹோட்டலில் தலைமைச் சமையல்காரராக இருந்தவர். நான் செனாயில் பிளாஸ்டிக் மூடி செய்யும் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். சமையல் எனக்கு ஆசை, அவருக்குத் தொழில். இந்த வித்தியாசத்தை அவர் வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் எடுத்துச் சொன்னார். கிறிஸ்மஸுக்கு மாசாயில் எங்கள் வீட்டுக்கு வரும்போது மிளகுப் பொடியைச் சட்டைப்பையிலேயே கொண்டுவருவார். என் கல்யாண விருந்தில் மைக்கைப் பிடித்து, மாப்பிள்ளை வீட்டார் சார்பில் பிரியாணிக்காக மன்னிப்புக் கேட்டார். மண்டபமே சிரித்தது. ஆக்கியது மாப்பிள்ளைதான் என்று அவருக்குத் தெரியும். அன்பான மனிதர்.

ரிசொட்டோ செய்து பார்க்கப்போகிறேன் என்று ஒருமுறை அவரிடம் சொன்னேன்.

"விடுறா தம்பி. உன் கை பட்டா கஞ்சியாயிடும். பருக்கை நடுவுல கடிபடணும், தெரியுமா?"

தெரிந்துகொண்டேன்.

போன வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போனது. அவர் மனைவி எப்போதோ பிரிந்து போயிருந்தார். சாப்பாட்டுத் தகராறா என்று நான் கேட்டதில்லை. என் மனைவி ஸ்டெஃபனிதான், "நம்ம வீட்டுக்கே கூட்டிட்டு வந்துருவோங்க" என்றாள். நான் மறுக்கவில்லை. குளிப்பாட்டினேன், துடைத்தேன், புரட்டிப் படுக்கவைத்தேன். ஞாயிறு பூசை முடிந்ததும் கோவில் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, இப்படி ஒரு தம்பி யாருக்குக் கிடைப்பான் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

அவருக்கு விழுங்கப் பயிற்சி கொடுக்க ஷாமளா என்ற பெண் வீட்டுக்கு வந்து போவார். முதல் நாளே என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டுச் சொன்னார்.

"எல்லாத்தையும் அரைச்சு வடிகட்டித்தான் குடுக்கணும், அண்ணே. சோறு முழுசாப் போனா மூச்சுக்குழாய்ல இறங்கிரும். இருமி வெளிய தள்ள அவருக்குப் பலம் பத்தாது."

அவர் சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்தது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் உங்களுக்குச் சிரமம் இருக்கக்கூடாது.

ஆகவே அரிசியையும் பூசணிக்காயையும் வேகவைத்து, அரைத்து, வடிகட்டி ஊட்டினேன். மாதக்கணக்கில் அண்ணன் ஒரு சொல்லும் பேசவில்லை. வீடு நன்றாக இருந்தது. பிறகு ஒரு காலை, கரண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தெளிவாகச் சொன்னார்.

"கஞ்சி."

சொல்லிவிட்டுத் துப்பினார்.

ஸ்டெஃபனி அழுதுவிட்டாள். "உங்கண்ணன் பேசிட்டாருங்க. ஆண்டவரே, பேசிட்டாரு." போனை எடுத்துக்கொண்டு, இன்னொரு வாய் ஊட்டச் சொன்னாள். அவரும் இன்னொரு முறை சொன்னார். காணொளி குடும்ப வாட்சாப் குழுவுக்குப் போனது. எல்லாரும் கைகூப்பும் படம் போட்டார்கள். என் முகத்தில் வழிந்ததை நான் துடைப்பதும் அதில் தெரிகிறது. அதைப் பற்றி யாரும் எழுதவில்லை. ஷாமளா அண்ணனைத் தட்டிக்கொடுத்து, தினமும் அந்தச் சொல்லையே சொல்லவைக்கும்படி என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். சொல்லவைத்தேன்.

சனிக்கிழமை ஸ்டெஃபனி தன் தங்கையோடு தங்காக்குக்குச் சேலை எடுக்கப் போனாள். தங்காக் துணிக்கடைக்குள் நுழைந்தவர்கள் சாயங்காலத்துக்கு முன் வெளியே வருவதில்லை. இத்தாலிய அரிசியை முன்பே வாங்கி வைத்திருந்தேன். வெண்ணெயில் வெங்காயத்தை வதக்கி, அரிசியைப் போட்டுப் புரட்டி, கோழிச் சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறினேன். அடுப்பை விட்டு நகரக்கூடாது. யோசித்துப் பார்க்க நேரம் இருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது. யோசிப்பதற்கு ரிசொட்டோவைப் போன்ற உணவு வேறு இல்லை.

மசித்த பூசணியையும் சீஸையும் கலந்ததும், தினமும் ஊட்டும் கஞ்சியின் நிறமே வந்துவிட்டது. ஆனால் நான் அவரை ஏமாற்றவில்லை. "அண்ணே, ரிசொட்டோ" என்று சொல்லித்தான் ஊட்டினேன்.

முதல் வாயை மென்றார். கண்ணை மூடினார். இடது பக்கத்து உதடு மெல்ல மேலே போனது. சிரிப்பு என்றுதான் நினைக்கிறேன். இரண்டாவது வாயில் இருமல் வந்தது. ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. மூன்றாவதை வைத்தேன். இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தக் கையை என் முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொண்டேன். சாப்பிடும்போது கை குறுக்கே வந்தால் சிந்தும்.

பக்கத்து வீட்டு வீரமுத்து வேலிக்கு அந்தப் புறம் மோட்டார்சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்னா எல்வின், அண்ணன் இருமுறாரு? காரை எடுக்கவா?"

"வேணாம்ணே. சாப்பிடுறாரு."

"நல்லா சாப்பிடட்டும்லா."

தட்டு காலியாகும்வரை ஊட்டினேன். இருமல் அதற்கு முன்பே நின்றுவிட்டது.

பிறகு தட்டைக் கழுவினேன். அவருக்குச் சட்டையை மாற்றினேன். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அந்த வரிசையில்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜீவன் எங்களைத் தனியே அழைத்தார். ஸ்டெஃபனி தங்காக்கிலிருந்து நேராக அங்கே வந்திருந்தாள்.

"பூசணிக்காய், சீஸ் போட்ட சோறு, ரிசொட்டோ மாதிரி. மூச்சுக்குழாய்க்குள்ள பருக்கை எல்லாம் முழுசு முழுசா இருந்துச்சு. யாரு குடுத்தது?"

ஸ்டெஃபனி என் தோளில் கை வைத்தாள். "கடையிலேர்ந்து வாங்கியிருப்பாரு, டாக்டர். தெரியாம நடந்துருச்சு. இவருக்கு இந்த மாதிரியெல்லாம் ஆக்க வராது."

நல்ல மனைவி. நான் சும்மா இருந்திருந்தால் போதும், இன்ஸ்பெக்டர். அடக்கம் முடிந்து எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்போம். கோவில் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பார்கள். ஆனால் உண்மை என்று ஒன்று இருக்கிறதே. ஒரு பொய் கண்முன்னே நிற்கும்போது பேசாமல் இருக்க என் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை.

"கடையில வாங்கல, டாக்டர்," என்றேன். "நாந்தான் ஆக்குனேன்."