ஐந்நூறாவது ஆட்டம்

“ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு மைக் எனக்கு வேணும்” என்று கேட்டேன். அதை மட்டும் கேட்காதே என்று, வானொலியில் வேலை கிடைத்த அன்றே அப்பா சொல்லியிருந்தார். எங்கள் ஊர் ஐஸ் ஹாக்கி அரங்கத்தில் இருபத்தாறு வருஷம் ஐஸ் தளத்தைச் சமன்செய்யும் வண்டி ஓட்டியவர் அவர். “உள்ள விட்டதே பெருசு, ஐலா. மேற்கொண்டு எதையும் கேட்டு வைக்காத.” எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். வாயை மூடிக்கொண்டிருக்கவா படித்தேன்?

வர்ணனையாளர் ஆர்வில் சிரித்தார். “ஏம்மா, நீ எழுதிக் குடு, நான் கத்துறேன். நல்லாத்தானே ஓடுது?” நான்கு சீசனாக அவர் சொன்ன ஒவ்வொரு எண்ணும் நான் தாளில் எழுதி நீட்டியது. அணியின் ஐம்பது சீசன் வரலாற்றை எழுதியதும் நான்தான். புத்தக அட்டையில் அவர் பெயர். எங்கள் அணி வீரர் ரெமி தெப்லோன் ஒரு ஆட்டமும் விடாமல் ஆடிவருகிறார், ஞாயிறு மதியம் அவருக்குத் தொடர்ந்து ஐந்நூறாவது ஆட்டம் என்று கண்டுபிடித்து, நேராக அணி முதலாளியிடம் போனேன்.

“சரி, ரெமி எறங்கினா நீ பேசு. எறங்கலைன்னா வழக்கம்போல ஆர்வில்” என்றார்.

விசாரணை அதிகாரி அம்மா, இந்த நிபந்தனையையும் எழுதிக்கொள்ளுங்கள். அது நான் போட்டதல்ல.

சனிக்கிழமை ஆட்டத்தில் ரெமியைத் தளத்தைச் சுற்றியுள்ள பக்கப் பலகையோடு வைத்து மோதினார்கள். எழுந்தார். எழுந்து, தன் அணியின் பெஞ்சு என்று நினைத்து எதிரணியின் பெஞ்சுக்குச் சறுக்கிப் போனார். கூட்டம் சிரித்தது.

கீழே மருத்துவ உதவியாளர் கார்னெட் ஒருவர்தான். ரீப்ளே திரை மேலே என் முன்னால் இருக்கிறது. சந்தேகம் வந்தால் என்னைத்தான் போனில் கூப்பிடுவார். தலை என்றால் ஒரு வாரம் ஆடவிடமாட்டார். தோள் என்றால் ஐஸ் ஒத்தடம்.

“ஐலா, தலையா தோளா? இவன் தோள்ங்கிறான். கழுத்தே திருகிக்கிட்டாலும் தோள்னுதான் சொல்வான் இந்தக் கழுதை.”

மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். “தோள்” என்றேன்.

“நல்லாப் பாத்தியா?”

“பாத்துட்டுத்தானே சொல்றேன்.”

ஆர்விலிடம் வழக்கமான தாளை நீட்டினேன்: மேல் உடம்பில் காயம். எந்த அணியும் அதற்குமேல் சொல்லாது. சொன்னால் எதிரணி அடுத்த நாள் அதே இடத்தில் இடிக்கும். ஆர்வில் அதை மைக்கில் படித்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஞாயிறு மதியம் நன்றாகப் பேசினேன். நீங்களும் கேட்டிருப்பீர்கள். இரண்டாம் பகுதியில் ஒருவர் ரெமியை லேசாக உரசினார். பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட அதற்கு விழமாட்டார்கள். விழுந்தவர் எழவில்லை. பதினோரு நிமிஷம். ஒரு நொடிகூட வானொலி மௌனமாகாமல் பார்த்துக்கொண்டேன். கார்னெட் மண்டியிட்டு அழுததையும் நிதானமாகச் சொன்னேன். பிறகு அவர் நிமிர்ந்து எங்கள் அறையைப் பார்த்தார். அதைச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை ரெமி இறந்தார்.

கார்னெட்டை விட்டுவிடுங்கள். சனிக்கிழமை ரீப்ளே பதிவைத் திங்கள் காலை அழித்தது நான். தலைதான் மோதியது என்று முதல் தடவை ஓட்டியபோதே தெரிந்துவிட்டது. மற்ற இரண்டு தடவையும் ஓட்டியது, கார்னெட் போனில் காத்திருந்ததால். சரியாகப் பார்த்துச் சொன்ன மாதிரி இருக்க வேண்டுமே. ஐந்நூறு ரெமிக்கும் வேண்டியிருந்தது. அவரும் தோள் என்றுதான் சொன்னார்.

வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று. போலீஸ் நாளை வரட்டும், வீட்டில்தான் இருப்பேன். இப்போது ரெமியின் மனைவி ஷந்தாலைப் பார்க்கப் போகிறேன். வேண்டாம் என்கிறீர்கள். நேற்றே முடிவு செய்துவிட்டேன், இதோ, கோட்டும் மாட்டியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை வர்ணனை முழுவதையும் பதிந்து வைத்திருக்கிறேன், அந்தப் பதினோரு நிமிஷம் உட்பட. பிள்ளைகள் இரண்டும் சின்னதுகள். நாளைக்கு அப்பாவைப் பற்றிக் கேட்கும். இவ்வளவு தெளிவாக ஒருத்தி சொல்லிவைத்திருக்கிறாள் என்பது ஷந்தாலுக்கு ஆறுதலாக இருக்கும்.